பிள்ளைகளைச் சீவரத்துக்கு அழைக்கும் முன்: ஒரு திறந்த மடல்

தமிழகத்தில் பௌத்த தம்மப் பயிற்சி முகாம்கள் நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அங்கே வந்து பேசும் வணக்கத்துக்குரிய பந்தேக்களான பிக்குகளுக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் உபாசிகை, அதாவது இல்லறத்தில் இருந்தபடி பௌத்தம் பின்பற்றுகிறவள், எழுதுகிறேன். தொழில், செவிலியர் வேலை. புத்தர், தம்மம், சங்கம் என்ற திரிசரணமும் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலமும் ஏற்று நீண்ட காலமாகிறது. ஊரில் கொஞ்சம் பேர் கோயிலுக்கும் கொஞ்சம் பேர் சர்ச்சுக்கும் போகிற நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறவள் என்று அக்கம்பக்கத்தில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இப்போது பழகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் பொறியியல் படித்து முடித்தவன். உங்களைப் போன்ற ஓர் அமைப்பின் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து பிக்குவாகப் போகிறேன் என்று நிற்கிறான். இல்லறத்தில் இருந்துகொண்டு தம்மம் பயில்வது அரைகுறை வேலை, துணிச்சல் உள்ளவன் சீவரம் (பிக்குவின் உடை) உடுத்துவான் என்று அங்கே ஒருவர் பேசினாராம். கேட்டுக்கொண்டிருந்த பையன்களில் பலர் இருபதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தவர்கள். அக்கா என்னிடம் வந்து, "நீதானே அவனுக்கு அந்தப் புத்தகமெல்லாம் கொடுத்தே" என்று அழுகிறாள். கொடுத்தது நான்தான். இனியும் கொடுப்பேன். ஆனால் அந்தப் பேச்சைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நான் சீவரத்துக்கு எதிரி இல்லை. இல்லற வாழ்க்கை நெருக்கடியானது, தூசி படிந்த வழி. துறவு திறந்த வெளி என்று தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் என்ற புத்தர் உரை சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன். மூன்று ஷிஃப்டில் வேலை பார்க்கிறவளுக்கு அது நன்றாகவே தெரியும். நைட் டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும், சமாதி வராது. உங்கள் முகாம்களில் விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருப்பார்கள். பிக்குவுக்கு நேரம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. துறவின் பெரிய வசதி அதுதான் என்று நினைக்கிறேன். அந்த நேரம் யாரோ பொங்கிப் போடும் சோற்றில் கிடைக்கிறது என்பதைத்தான் உங்கள் பேச்சாளர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

உபசம்பதை, அதாவது முழுப் பிக்கு ஆகும் தீட்சை, வாங்க வருகிறவனைச் சங்கத்தின் நடுவே நிறுத்தி என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த இந்த நோய் இருக்கிறதா? நீ யாருக்கும் அடிமையில்லையே? கடன் இல்லையே? அரச ஊழியம் பார்க்கிறாயா? அம்மா அப்பா சம்மதித்தார்களா? இருபது வயது நிறைந்ததா? பாத்திரமும் சீவரமும் இருக்கிறதா? இவ்வளவையும் புத்தர் சும்மா வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வம்பு நடந்திருக்கிறது. வினயம் என்கிற பிக்குகளின் விதித்தொகுப்பில் மகாவக்கத்தைத் திறந்தால் எல்லாம் கதை கதையாக வரும்.

இருபது வயது விதி வந்த கதையைப் பாருங்கள். ராஜகிருகத்தில் உபாலி என்று ஒரு பையன். (வினயம் ஓதிய உபாலித் தேரர் வேறு ஆள்.) நம் காலத்துக்குப் பிறகு இவன் எப்படிக் கஷ்டப்படாமல் பிழைப்பான் என்று அவன் அம்மாவும் அப்பாவும் யோசிக்கிறார்கள். எழுத்து வேலை என்றால் விரல் நோகும், கணக்கு வேலை என்றால் நெஞ்சு நோகும், நாணயம் பார்க்கிற வேலை என்றால் கண் நோகும். சரி, இந்தச் சாக்கியத் துறவிகள் நல்ல சாப்பாடு சாப்பிட்டுக் காற்றுப்படாத இடத்தில் படுத்துச் சுகமாகத்தானே இருக்கிறார்கள், அங்கே விட்டால் என்ன என்று முடிவு கட்டுகிறார்கள். அவனும் அவன் கூட்டாளிகளுமாகப் பதினேழு பேர் போய்ச் சேர்கிறார்கள். விடியும் முன்பே எழுந்து "கஞ்சி கொடு, சோறு கொடு" என்று ஒரே அழுகை. இருபது நிறையாதவனுக்கு உபசம்பதை கிடையாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. வேலைவாய்ப்பு நிலவரத்தைப் பார்த்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தை முடிவு செய்வது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமில்லை போலிருக்கிறது.

நோய் பற்றிய கேள்வியும் அப்படித்தான். மகதத்தில் ஐந்து நோய்கள் பரவியபோது, ஜீவகர் அரசருக்கும் சங்கத்துக்கும் மட்டுமே வைத்தியம் பார்க்கிறார் என்பதற்காகவே சிலர் போய் மொட்டை போட்டுக்கொண்டார்கள். குணமானதும் சீவரத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கிற எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை, பாவம். ஆனால் சீவரத்தை வேறு எதற்கோ வழியாக எடுக்கிறவர்கள் புத்தர் காலத்திலேயே இருந்தார்கள். வேலை கிடைக்காமல், கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்க, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிற பையனும் முகாமில் கண்மூடித்தான் உட்கார்ந்திருப்பான். நாளைக்கே நல்ல வேலைக்கு ஆர்டர் வந்தால் அப்போதும் துறவுக்குப் போவாயா என்று அவனிடம் யாராவது கேட்க வேண்டாமா?

பெற்றோர் சம்மதம் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புத்தர் தம் மகன் ராகுலனையும் அழைத்துக்கொண்ட பிறகு அவர் அப்பா சுத்தோதனர் வந்து, பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பையும் அறுத்து மஜ்ஜை வரைக்கும் போகிறது என்று சொன்னதில் வந்த விதி அது. என் அக்கா சொல்வதும் அதேதான், அவளுக்கு அவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியவில்லை. கடன் விஷயமும் உண்டு. அவன் படிக்க வாங்கிய கல்விக் கடன் இன்னும் பாக்கி. ஜாமீன் கையெழுத்து அவன் அப்பாவுடையது.

அடுத்தது சாப்பாடு. பிக்கு நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. மிச்சத்தை நாளைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. பணத்தைத் தொடக் கூடாது. மண்ணைத் தோண்டக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது. யாராவது கையில் எடுத்துக் கொடுக்காததை வாயில் வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் சீசனுக்குச் சக்கைப்பழம் விழுந்து முற்றமெல்லாம் மணக்கும். தோட்டம் நிறைய மரச்சீனி நிற்கும். அதற்கு நடுவே ஒரு பிக்கு இருந்தால், பக்கத்தில் சீலம் தெரிந்த ஒரு குடும்பம் இல்லாவிட்டால், அவர் பட்டினிதான். இருநூற்று இருபத்தேழு விதிகளில் பலவும் அவரைத் தினமும் இல்லறத்தார் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அப்படியிருக்க, இல்லறத்தாரை அரைகுறை என்று சொல்லும் பேச்சு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

புதிதாக உபசம்பதை பெற்றவர் குறைந்தது ஐந்து ஆண்டு ஆசிரியரின் நிழலில் இருந்தாக வேண்டும். ஆகவே இங்கிருந்து போகிற பையன் நீங்கள் மேடையில் சொல்வதுபோல மறுவருடமே பிண்டபாத்திரம் ஏந்தி மார்த்தாண்டம் சந்தையில் நடந்துவிட முடியாது. உபசம்பதைக்குப் பத்து பிக்குகள் வேண்டும். எல்லைப்புற நாடுகளுக்கு ஐந்து பேர் போதும், அதில் ஒருவர் வினயம் அறிந்தவராக இருக்க வேண்டும் என்று புத்தர் சலுகை கொடுத்தார். அந்தக் கணக்கில் நாங்கள் எல்லைப்புறத்துக்கும் எல்லைப்புறம். (அதே சலுகையில்தான் எல்லைப்புறத்துப் பிக்குகள் அடிக்கடி குளிக்கலாம் என்றும் வருகிறது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.)

சிதறால் மலைக்கு நீங்கள் வந்திருப்பீர்கள். திருச்சாரணத்து மலை என்று பழைய பெயர். சமணத் துறவிகள் தங்கிய இடம், பாறையில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. அதே மன்னன் திருமூலவாசத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு சொல்கிறது. இந்த மண்ணில் துறவிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவர்களுக்குப் பொன்னும் நிலமும் சோறும் கொடுத்த கை வேறு பக்கம் திரும்பியதும் மலையில் பகவதி கோயில் மிஞ்சியது, திருமூலவாசம் எங்கே இருந்தது என்று தேடவேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். நான் சோற்றுப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

அம்பேத்கரும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். சங்கத்தில் சேர ஒரு தீட்சை இருந்தது, தம்மத்தில் சேர இல்லறத்தாருக்கென்று தீட்சை இல்லை; பௌத்தம் இந்தியாவில் வீழ்ந்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம் என்றார். அதனால்தான் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் சந்திரமணி மகாதேரரிடம் தாம் சரணமும் சீலமும் பெற்று, பிறகு லட்சக்கணக்கானவர்களுக்குத் தாமே வழங்கினார். அவர் இல்லறத்தாராகவே இறந்தார். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுவந்த அயோத்திதாசப் பண்டிதரும் வைத்தியம் பார்த்துக்கொண்டு, பத்திரிகை நடத்திக்கொண்டு, குடும்பத்தோடு இருந்தவர்தான். இவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று உங்கள் மேடையில் யாராவது சொல்வார்களா?

எனக்குப் பிடித்தவர் கடீகாரர். மஜ்ஜிம நிகாயத்தில் வருகிற குயவர், கௌதம புத்தருக்கு முந்தியவரான காசியப புத்தர் காலத்தவர். தன் நண்பன் ஜோதிபாலனைப் புத்தரிடம் கூப்பிடுகிறார், அவன் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் குளித்துவிட்டு நிற்கிறவனின் முடியைப் பிடித்தே இழுக்கிறார். போய்க் கேட்ட ஜோதிபாலன், "இவ்வளவு கேட்டும் நீ ஏன் துறவு போகவில்லை?" என்று கேட்கிறான். "கண் தெரியாத, வயதான அம்மா அப்பாவை நான்தானே பார்க்கிறேன், உனக்குத் தெரியாதா?" என்கிறார் கடீகாரர். ஜோதிபாலன் துறவு ஏற்கிறான். அவன் யார்? பின்னால் கௌதம புத்தராகப் போகிறவன். கடீகாரரோ பானை செய்துகொண்டு வீட்டிலேயே இருந்து அநாகாமி (இவ்வுலகில் மறுபடி பிறக்காத) நிலையை எட்டியவர். ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் காசியபர் வந்து, "பானையில் சோறு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுங்கள்" என்று அந்தக் கண் தெரியாத பெரியவர்கள் சொல்ல, தாமே எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். வேறொரு சமயம் புத்தரின் குடில் ஒழுகியபோது இவர் வீட்டுக் கூரைப் புல்லையே பிரித்துக்கொண்டு போகச் சொல்கிறார். காசி மன்னர் மழைக்காலத்துக்குத் தம்மிடம் தங்கச் சொல்லிக் கேட்டும் மறுத்த புத்தர், உரிமையோடு கூரையைப் பிரித்தது இந்த இல்லறத்தார் வீட்டில். உங்கள் முகாம்களில் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் யாரும் துறவு போகக்கூடாதா? போகட்டும். ஆனால் பார்த்துப் போகட்டும். எங்கள் மாவட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன் சாமியாராகப் போகிறேன் என்றால் குருமடத்தில் வருடக்கணக்கில் படிக்கிறான், லீவுக்கு வீட்டுக்கு வருகிறான், நடுவில் இது நமக்கு ஆகாது என்று தோன்றினால் திரும்பி வந்து வேலைக்குப் போகிறான். வாகைப்பதியில் அய்யா வைகுண்டரின் சொல் கேட்டுத் துவையல் தவசு (துணி துவைத்துத் தூய்மை காக்கும் தவம்) இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். பௌத்தத்திலும் இதற்கு வழி இருக்கிறது. தாய்லாந்தில் இளைஞர்கள் மழைக்காலம் மூன்று மாதம் பிக்குவாக இருந்துவிட்டு வீடு திரும்புவது சாதாரண வழக்கம். இலங்கையின் அநாகாரிக தர்மபாலர் வாழ்நாளின் பெரும்பகுதியை வீடும் இல்லாமல் பிக்குவும் ஆகாமல் கழித்தார். அவர் சாமணேரர் (இளந்துறவி) ஆனது 1931இல், உபசம்பதை பெற்றது இறந்த ஆண்டான 1933இல்தான். சீவரத்தைக் களைந்து திரும்புவதும் வினயத்தில் குற்றமில்லை. இதையெல்லாம் சொல்லிக் கொடுங்கள்.

அக்கா மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: வேலைக்குப் போய்க் கடனை அடை. பௌர்ணமிதோறும் எட்டுச் சீலம் எடு. பிறகு விருப்பம் மாறவில்லை என்றால் உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். பாதி மனதோடு சம்மதித்திருக்கிறான். அவனோடு உட்கார இங்கே பௌர்ணமி விரதத்துக்கு உபோசதக் கூட்டம் ஒன்று வேண்டும். முகாமுக்குச் செலவிடுவதில் கொஞ்சம் ஒதுக்கினால் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ பௌர்ணமிக்கு ஓர் அறை கிடைக்கும். சமையலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்று. பந்தேக்களில் வயதானவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்க்கிறார்கள்? வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து குளிப்பாட்டிய புத்தர், உங்களைப் பார்க்க இங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, ஒருவரை ஒருவர் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். பையன்களை அழைக்கிற அமைப்பு இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று முகாமிலேயே சொல்ல வேண்டும். என் போன்றவர்கள் உதவத் தயார்.

கடைசியாக, உங்கள் அழைப்பு முழுக்கத் தம்பிகளுக்கே இருக்கிறது. மேடையில் மணிமேகலையைச் சொல்லாமல் ஒரு பேச்சும் முடிவதில்லை. ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் தங்கச்சி "நானும் வரலாமா" என்று கேட்டால்? இலங்கை, தாய்லாந்து நாடுகளின் பௌத்தமான தேரவாதத்தில் பிக்குணி மரபு இலங்கையில் 11ஆம் நூற்றாண்டு வாக்கில் அறுந்தது. 1996இல் சாரநாத்தில் கொரியத் துறவிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் சிலர் அதை மறுபடி தொடங்கினார்கள், 1998இல் புத்தகயாவில் இன்னும் பலர் உபசம்பதை பெற்றார்கள். அவர்களை இன்றும் ஏற்காத தேரர்கள் உண்டு. உங்கள் மேடைக்கு வரும் பந்தேக்கள் ஏற்கிறார்களா, இல்லையா? ஏற்கிறார்கள் என்றால் எங்கள் பெண்பிள்ளைகளை எந்தப் பிக்குணி சங்கத்துக்கு அனுப்புவீர்கள்? ஏற்கவில்லை என்றால் அதையும் அடுத்த முகாமில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தம்ம அன்புடன்,
தக்கலை வட்டாரத்து உபாசிகை ஒருத்தி