ஆண்டறிக்கை: மொழியாசிரியர்களுக்கான கணினிப் பயிலரங்குகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொறுப்பாளர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு உரிய காலத்தில் கூடியது. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி பயிலரங்குகளுக்கே போனது என்பதால் அவற்றைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

வேலூருக்கு வாருங்கள் என்று அழைத்தால் காட்பாடி, சத்துவாச்சாரி ஆசிரியர்கள் வந்துவிடுவார்கள். பீஞ்சமந்தையில் பணியாற்றுபவர் மலையிறங்கி, ஒடுகத்தூரில் பேருந்து பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். ஆகவே நாமே போனோம். வடார்க்காடு 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றானது. அதற்காக, இப்போது வேறு மாவட்டங்களில் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆசிரியர்களை நாம் விட்டுவிடவில்லை.

போன இடமெல்லாம் முதல் சிக்கல் எழுத்துருதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் அப்படிப் பயனற்றுக் கிடந்தன. மாதிரிக் கோப்பு எதுவும் கொண்டுபோகாமல், ஆசிரியர்களின் சொந்தக் கோப்புகளையே, தமிழுக்கெனத் தனிக் குறியிடங்கள் உள்ள பொதுக் குறியேற்றமான யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தோம். மலைப்பள்ளிகளில் இணையத்தை நம்ப முடியாது. தேவையான மென்பொருள்களைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றது பெரிதும் உதவியது.

அடுத்து, தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்டது இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும். புள்ளி தானாக விழும். தமிழாசிரியர்கள் ஆங்கில எழுத்துவழி தமிழ் அடிப்பதை விட்டு இதற்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் ஒரு மணி நேரம் விரல் தடுமாறும், அவ்வளவுதான்.

பேரணாம்பட்டில் உருது ஆசிரியர்கள், “எங்கள் மொழிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கையால் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதே அங்கே வழக்கமாக இருந்தது. வேர்டில் பத்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்றவும், உருது எழுத்துநடைக்கான நோட்டோ நஸ்தலீக் எழுத்துருவை நிறுவவும் காட்டினோம். ஓர் ஆசிரியை மாலைக்குள் ஒரு கவிதைப் பாடத்தை முழுதாக அடித்து அச்செடுத்துவிட்டார். அவருடைய மகிழ்ச்சியைப் பார்த்த எங்களுக்குக் களைப்பே தெரியவில்லை.

ஆனால் உருதும் தெலுங்கும் தெரிந்த பயிற்றுநர் நம்மிடம் இல்லை. குடியாத்தத்தில் தெலுங்கு ஆசிரியர்களுக்கு மேலோட்டமாகத்தான் சொல்ல முடிந்தது. அம்மொழிகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்தால் அழைத்து வாருங்கள். பயணச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டுமெனத் தீர்மானம் முன்மொழிகிறேன். மலைப்பள்ளிகளுக்கு மறுமுறையும் போக வேண்டும். ஒரு நாள் பயிற்சி அங்கே போதவில்லை.

இடம் தந்த தலைமையாசிரியர்களுக்கும், விடுமுறை நாளிலும் உடன் வந்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வேலூர்