தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

குன்னூரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு 2019இல் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அவருடைய அக்கா. அதை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கக் காலை எட்டு, இரவு எட்டு என்று டேக்ரோலிமஸ் மாத்திரை. எதிர்ப்புச் சக்தியையே அமுக்கி வைக்கிற மாத்திரை அது. தடுப்பூசி போட்டாலும் மற்றவர்களுக்குப் பலிக்கிற அளவு இவருக்குப் பலிக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொரோனா ஊரடங்கில் எங்களுக்கென்று தனிக் கஷ்டம் இல்லை. எல்லாரும் உள்ளே இருந்தார்கள், நாங்களும் இருந்தோம். திறந்த பிறகுதான் வந்தது வினை. 2022 மார்ச் 31ஓடு மத்திய அரசின் கட்டுப்பாட்டு உத்தரவு முடிந்தது. மாஸ்க் போடுங்கள் என்ற அறிவுரை மட்டும் மிச்சம். அறுபது வயதாகாத இவருக்கு மூன்றாவது ஊசி கிடைத்ததோ ஏப்ரல் 10க்குப் பிறகு, அதுவும் தனியாரில் காசு கொடுத்து. அந்த இடைவெளியில் நான் சரியாகத் தூங்கவே இல்லை. சீசன் கூட்டம் வேறு. இரண்டு வருடமாக நடக்காத ஊட்டி மலர்க் கண்காட்சி மே 20இல் தொடங்கியது. கூட்டம் வந்தால்தான் இங்கே பாதிப் பேருக்கு அடுப்பு எரியும், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு அலுவலகத்தில், "இன்னும் எதுக்கும்மா இந்த வேஷம்?" என்று சிரித்தார்களே, அன்றைக்கு அழுதுவிட்டேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

மருந்துக் கடைத் தம்பி, வரிசையில் நிற்க விடாமல் பக்கத்து ஜன்னல் வழியாகவே மாத்திரை கொடுத்தாய். டாக்ஸி அண்ணன், கோயம்புத்தூர் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் வழியில் காட்டேரி என்கிற இடத்துப் பனியிலும் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மப்ளருக்கு மேலே மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஓட்டினீர்கள். ஏழாம் வகுப்பு டீச்சர், என் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்தீர்கள். அந்த பெஞ்சுப் பிள்ளைகள் மூன்று பேரும் யாரும் சொல்லாமலே கடைசி நாள் வரை மாஸ்க்கைக் கழற்றவில்லையாம். அவர்களுக்குத் தனியாக மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம், எதிர்வீட்டு அக்கா. உங்கள் மகள் கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லத் தயங்கிக்கொண்டே வந்தேன். நீங்கள் என்னைப் பேசவே விடவில்லை. பந்தலுக்கு வெளியே, பேரிக்காய் மரத்தடியில் எங்களுக்கென்று மூன்று நாற்காலி, மூன்று இலை. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, முகத்தில் நீல மாஸ்க். புது மூக்குத்தியைக் காட்ட ஒரு நொடி மாஸ்க்கை இறக்கினாள், சட்டென்று ஏற்றிக்கொண்டாள். இவர் அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றைக்குப் பாயசம் கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அக்கா. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஜன்னல் பக்கம் வாங்கள்.