மலையிலேயே பார்க்க வேண்டிய எண்ணிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முற்றிய புற்றுநோயாளிகளின் எதிர்ப்பு சக்தியை அளந்து சொல்கிறோம் என்று ‘இம்யூனிட்டி பேக்கேஜ்’ விளம்பரங்கள் இப்போது கோத்தகிரி வரை வந்துவிட்டன. என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்பு வரை பரவி, கோவையில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. எங்களிடமும் ஒரு லேப்காரர் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு சிடி4, என்.கே. செல் என்று எதிர்ப்பு அணுக்களின் கணக்கைப் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் கொடுத்தார். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, சிபிசி (ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சாதாரண சோதனை) எங்கே என்றுதான் கேட்டார்.

அந்த எண்களெல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டியவை. சில ரத்தப் புற்றுநோய்களில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்ப்பது வேறு விஷயம், ஆனால் அம்மாவைப் போன்றவர்களுக்குக் கீமோவைத் தள்ளிப்போடுவதா, அளவைக் குறைப்பதா என்பதை சிடி4 வைத்து முடிவு செய்யும் வழக்கம் இல்லை. எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சைக்காவது தேவைப்படுமே என்பார்கள். அதற்குப் பார்க்கிற பிடி-எல்1 என்ற புரதச் சோதனையைக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் செய்கிறார்கள், இந்த பேக்கேஜில் அது வராது.

சில நூறு ரூபாய் சிபிசியில் இருக்கும் நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கைதான் கீமோ நேரத்தில் உயிரைக் காக்கிறது, அதைத்தான் இங்கே சரியாகப் பார்ப்பதில்லை. டோட்டல் கவுன்ட் (மொத்த வெள்ளை அணுக்கள்) 3,000, நியூட்ரோஃபில் 12 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் ‘கொஞ்சம் கம்மியா இருக்கு, சத்தா சாப்பிடச் சொல்லுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 360 வருகிறது! 500-க்குக் கீழே போய்விட்டால், வழக்கமாக நம் குடலிலும் தோலிலும் சும்மா இருக்கிற கிருமிகூட ரத்தத்தில் ஏறி ஆளை வீழ்த்திவிடும். பல கீமோ மருந்துகளுக்கு, ஊசி போட்ட ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள்தான் இந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும், அதாவது நோயாளி மலையேறி வீட்டுக்கு வந்து படுத்திருக்கும் நாட்களில்.

நம் ஊர்க் குளிரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உடம்பு நடுங்கினால் ‘பனி ஒத்துக்கல’ என்று ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, சுக்குக் காப்பி கொடுத்து, ஒரு பாராசிட்டமாலும் கொடுத்துவிடுகிறோம். மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி இறங்காது. கீமோ போடுகிறவர் இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதுதான் எங்கள் கவலை. இந்த நிலையில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும், கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அதற்கும் மேலே, மழைக்காலத்தில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே நீலகிரியின் வட்ட அரசு மருத்துவமனைகளில் இரவிலும் சிபிசி பார்க்க ஆள் இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் சதவீதத்தோடு நியூட்ரோஃபில் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும், கீமோ நோயாளி காய்ச்சலோடு வந்தால் ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திராமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கோவைக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட சுகாதாரத் துறை இதற்கு ஓர் உத்தரவு போடுமா?

– ஒரு வாசகி, கோத்தகிரி