சீவர்ஸ் நின்ற கோல்

ஹனோவர்

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூத்தவளுக்கு வவுனியாவில் வேலை கிடைத்ததை வாசித்து இவளும் நானும் மெத்தச் சந்தோசப்பட்டோம். படித்துவிட்டு வீட்டோடு இருந்த பிள்ளை, இனி முகம் தெளிந்துவிடும். இங்கே சின்னவன் இந்த வருடம் தொழிற்பயிற்சி முடிக்கிறான். எனக்கு இடது முழங்கால் நோ இன்னும் விட்டபாடில்லை. குளிர் கூடினால் அதுவும் கூடும். வேறு குறை ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் ஒரு விசயம் மனதில் நின்றுவிட்டது. உங்கள் பெடியங்கள் அரையிறுதியில் பெனால்டியில் தோற்ற பிறகு கோல் காப்பாளர் பெடியன் மைதானப் பக்கமே வரவில்லை என்றும், “பெனால்டி எல்லாம் அதிர்ஷ்டம்தான், ஹனோவரும் அப்படித்தானே கிண்ணம் எடுத்தது” என்று நீ அவனை ஆற்றினாய் என்றும் எழுதியிருந்தாய். பெடியனை ஆற்றினது சரி. ஆனால் ஹனோவரைப் பற்றி நீ சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எத்தனை வருடம் கோலுக்குள் நின்றவன் நீ, நீயே இப்படிச் சொல்லலாமா? ஹனோவர் 96 உதைபந்தாட்டக் கழகம் 1992இல் ஜேர்மன் கிண்ணம் எடுத்த கதையை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சொல்லு.

ஹனோவர் 96 புதிதாக முளைத்த கழகம் இல்லை. 1938இல் ஷால்கவை வென்று ஜேர்மன் சம்பியன் ஆனது. 1954இல் கைசர்ஸ்லவுட்டனை 5-1 என்று அடித்து இரண்டாம் முறையும் எடுத்தது. அந்தக் கைசர்ஸ்லவுட்டன் அணியின் ஐந்து பேர் சில கிழமை கழித்து பேர்ன் நகரில் உலகக் கிண்ணம் வென்ற ஜேர்மன் அணியில் ஆடினார்கள் என்றால் பார்த்துக்கொள். அதன் பிறகு நெடுங்காலம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1989இல் முதலாம் பிரிவிலிருந்து கீழே இறங்கினார்கள். அடுத்தடுத்த வருடங்களில் ஏறவும் முடியவில்லை.

1991-92 பருவம் எல்லாருக்குமே குழப்பமான பருவம். இரண்டு ஜேர்மனியும் சேர்ந்த பிறகு கிழக்குக் கழகங்களையும் உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டாம் பிரிவை வடக்கு, தெற்கு என்று பிரித்து, பக்கத்துக்கு 12 அணி வைத்தார்கள். ஹனோவர் வடக்கில். அந்தப் பக்கத்திலிருந்து கடைசியில் மேலே போனது ஊர்டிங்கன். ஹனோவர் இருந்த இடத்திலேயே இருந்தது. லீக்கை மட்டும் பார்த்தால் மறந்துபோக வேண்டிய வருடம் அது.

கிண்ணப் போட்டியோ வேறு கதை. போஹூம் நகரக் கழகத்தை 3-2. பிறகு டோர்ட்முண்டை 3-2. அந்த டோர்ட்முண்ட் அதே பருவத்தில் கடைசி நாள் வரைக்கும் சம்பியன் பட்டத்துக்கு ஓடி, கோல் வித்தியாசத்தில் ஸ்டுட்கார்ட்டிடம் விட்டது. பயிற்றுநர் ஒட்மார் ஹிட்ஸ்பெல்ட். அவர்களைத்தான் இரண்டாம் பிரிவுக்காரர் வெளியே அனுப்பினார்கள். அடுத்தது ஊர்டிங்கனை 1-0. கால் இறுதியில் கார்ல்ஸ்ரூவை 1-0.

அரையிறுதிக்கு வந்தது வெர்டர் பிறேமன். முந்தின வருடம் கிண்ணம் எடுத்தவர்கள் அவர்கள்தான். ஹனோவரிடம் தோற்ற கொஞ்ச நாளில் லிஸ்பனில் மொனாகோவை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அப்படிப்பட்ட அணி இங்கே நீடர்சாக்சன் மைதானத்துக்கு வந்தது.

அந்த மைதானத்தைப் பற்றி உனக்கு முன்னர் எழுதவில்லை என்று நினைக்கிறேன். யுத்தத்தில் குண்டு விழுந்து சிதைந்த ஹனோவரின் இடிபாட்டுக் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து குவித்து, அந்த மேட்டின் மேல்தான் பார்வையாளர் வரிசைகளைக் கட்டினார்கள். 1954இல் திறந்தது. 2006 உலகக் கிண்ணத்துக்காக ஏறக்குறைய முழுதும் மாற்றிக் கட்டினாலும் அந்த மேடு இன்னும் இருக்கிறது. வாட்டர்லூ தரிப்பிடத்தில் இறங்கி, மரங்களுக்குக் கீழே சனத்தோடு சனமாக நடந்து போனால் கொஞ்ச நேரத்தில் தெரியும். சரிவில் புல்லும் பற்றையும் வளர்ந்து, பார்க்கிறவனுக்கு இயற்கையான குன்று போலவே கிடக்கும். நீ வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன்.

பிறேமனோடு 90 நிமிடம் முடிந்து, மேலதிக நேரமும் முடிந்து 1-1. பெனால்டி. கோலுக்குள் நின்றது யோர்க் சீவர்ஸ். லூனபர்க் பக்கத்து ஆள். பெரிய கழகம் எதுவும் தேடி வராத கோல் காப்பாளர். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து ஐந்து முடிந்தும் தீரவில்லை. அப்போது சீவர்ஸ் பிறேமன்காரரின் உதை ஒன்றைத் தடுத்தார். தடுத்த கையோடு பந்தை எடுத்து அந்தப் பெனால்டிப் புள்ளியில் தானே வைத்து, தானே அடித்தார். கோல். 6-5. இறுதிப் போட்டிக்குப் போயாயிற்று.

மச்சான், இதை நீ யோசித்துப் பார். உதை வாங்க நின்ற மனிதன் அடுத்த நிமிடமே உதைக்கிற இடத்துக்கு மாறுகிறார். எதிரே நிற்கிற கோல் காப்பாளர் என்ன நினைப்பார், எந்தப் பக்கம் எடை வைப்பார் என்று அவருக்குத் தெரியாதா? அந்த வேலையைத்தானே அவர் காலம் முழுக்கச் செய்தார். தவறவிட்டிருந்தால் அந்த ஒன்றையே சொல்லிச் சொல்லிப் பழித்திருப்பார்கள். தெரிந்தும் நடந்து போனார். அதிர்ஷ்டத்துக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இறுதிப் போட்டி 1992 மே 23, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். 1954இல் ஹனோவர் சம்பியன் ஆனதும் இதே மே 23 தான். எதிரே பொரூசியா மொன்சன்கிளாட்பாக். எழுபதுகளில் ஐந்து தரம் ஜேர்மன் சம்பியன் ஆன பெயர்பெற்ற கழகம்.

நான் அப்போது இங்கே வந்து அதிக காலம் இல்லை. முகாமில் இருந்தேன். தஞ்சம் கேட்டவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டிய காலம். பெர்லினை நினைத்தும் பார்க்க முடியாது. கீழே பொது மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. எங்கள் ஆட்கள், குர்திஷ் ஆட்கள், பொஸ்னியாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய குடும்பங்கள், எல்லாரும் அதற்கு முன்னால். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. ஆனால் சிவப்புச் சட்டைக்காரர் சின்ன அணி, வெள்ளைச் சட்டைக்காரர் பெரிய அணி என்பது எல்லாருக்கும் விளங்கியிருந்தது. ஹனோவரில் யுகோஸ்லாவியர் ஒருவர், போலந்துக்காரர் ஒருவர், டென்மார்க்காரர் ஒருவர் ஆடினார்கள் என்பதால் மண்டபத்தில் ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான்.

ஆட்டம் பார்க்க வடிவான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். கோல் இல்லை. மேலதிக நேரத்திலும் இல்லை. 0-0. மறுபடி பெனால்டி.

இப்போது கேள். கிளாட்பாக் கோலில் நின்றவர் ஊவே காம்ப்ஸ். அவர்களும் அரையிறுதியைப் பெனால்டியில்தான் வென்றார்கள். லெவர்குசனின் நான்கு உதையையும் காம்ப்ஸ் ஒருவரே தடுத்தார். நாலுக்கு நாலு! ஜேர்மனியில் அந்தக் கிழமை பெனால்டி என்றால் காம்ப்ஸ் பெயர்தான். அதிர்ஷ்டம் யார் பக்கம் என்று கேட்டிருந்தால் எல்லாரும் கிளாட்பாக் பக்கம் கை காட்டியிருப்பார்கள். ஆனால் அன்றிரவு தடுத்தது சீவர்ஸ். ஹோல்கர் ஃபாக்கின் உதை ஒன்று, கார்ல்ஹைன்ஸ் ஃப்லிப்சனின் உதை ஒன்று. டென்மார்க்காரர் மிகாயெல் ஷொன்பேர்க் அடித்ததோடு 4-3 என்று முடிந்தது. கப்டன் கார்ஸ்டன் சூர்மன் கிண்ணத்தைத் தூக்கினார். இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜேர்மன் கிண்ணத்தை எடுத்த கழகம் அதற்கு முன்னர் இல்லை. 1970இல் கிக்கர்ஸ் ஒஃபன்பாக் எடுத்தது உண்மைதான். ஆனால் அந்த இறுதிப் போட்டி ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதால், ஆடும்போது அவர்கள் முதலாம் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். அந்தப் போட்டி நடந்ததும் இதே ஹனோவர் மைதானத்தில்தான்.

நீ சொல்லுகிற அதிர்ஷ்டத்துக்கு வருகிறேன். அது கொஞ்சமும் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. யார் யாரோடு மோதுவது என்பது சீட்டெடுப்பில் விழுவது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளேயும் போகும், வெளியேயும் போகும். ஆனால் அந்தக் கடைசி நாலு ஆட்டத்தையும் சேர்த்துப் பார். ஊர்டிங்கன் 0, கார்ல்ஸ்ரூ 0, பிறேமன் 1, கிளாட்பாக் 0. நானூறு நிமிடத்துக்கு மேலே ஆடி, விட்டது ஒரே ஒரு கோல். அதில் மூன்று அணி முதலாம் பிரிவு. பெனால்டி வரைக்கும் வந்து சேர்ந்ததே பின்வரிசைக்காரரின் உழைப்பால். பயிற்றுநர் மிகாயெல் லொர்கோவ்ஸ்கி தன் ஆட்களால் என்ன முடியும் என்று தெரிந்து அதற்குத் தக்கதாக ஆட வைத்தார். பத்திரிகைகளில் “அதிசயம், அதிசயம்” என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மனம் ஒப்பாது. அதிசயம் என்று சொன்னால் அந்த மனிதர்கள் செய்த வேலை மறைந்துபோகிறது.

பெனால்டியும் அப்படித்தான். 11 மீற்றர் தூரம், 7.32 மீற்றர் அகலக் கோல், பந்து அரைச் செக்கனுக்குள் வந்துவிடும். அடித்த பிறகு பார்த்துப் பாய நேரமே கிடையாது. ஓடி வருகிறவன் ஊன்றுகிற காலைப் பார்க்க வேண்டும், இடுப்பு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும், கடைசிக் கணம் வரை அசையாமல் நிற்கவும் வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே நீதானே. அதே வருடம் ஜூனில் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் டென்மார்க்கின் ஷ்மைக்கல், வான் பாஸ்டனின் உதையைத் தடுத்தாரே, அதையும் அதிர்ஷ்டம் என்பாயா?

அந்தப் பெடியனுக்கு நீ சொல்ல வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். சீவர்ஸ் பிறகு என்ன செய்தார் என்பதை அவனுக்குச் சொல்லு. கிண்ணம் எடுத்ததால் ஹனோவர் ஐரோப்பாவுக்குப் போனது. முதல் சுற்றிலேயே மறுபடி பிறேமன் வந்து வாய்த்தது. அங்கே 1-3, இங்கே 2-1, கூட்டிப் பார்த்தால் 3-4, அத்தோடு வெளியே. லீக்கில் நிலைமை சரியாகவில்லை. 1996இல், கழகத்தின் நூறாவது வருடத்தில், மூன்றாம் நிலைக்கு விழுந்தார்கள். நூற்றாண்டு கொண்டாட வேண்டிய வருடத்தில் நகரம் செத்த வீடு மாதிரிக் கிடந்தது. அந்த நேரத்திலும் சீவர்ஸ் போகவில்லை. 1989இல் வந்த மனிதர், சின்னஞ்சிறு ஊர் மைதானங்களிலெல்லாம் போய் நின்று, 1998இல் திரும்ப இரண்டாம் பிரிவுக்கும் 2002இல் முதலாம் பிரிவுக்கும் கழகம் ஏறும்வரை கூடவே இருந்தார். ஆட்டத்தை விட்ட பிறகும் அதே கழகத்தில் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பெர்லின் இரவை எல்லாரும் சொல்லுவார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த மூன்றாம் நிலை வருடங்களால்.

அன்றைய அணியில் 18 வயதுப் பெடியன் ஒருவனும் இருந்தான், ஆந்த்ரே பிரைட்டன்ரைட்டர், பக்கத்து லாங்கன்ஹாகனில் பிறந்தவன். 2017இல் அவரே பயிற்றுநராக வந்து ஹனோவரை முதலாம் பிரிவுக்கு ஏற்றினார். 2019இல் திரும்ப இறங்கினார்கள் என்பது வேறு கதை.

அதன் பிறகு எத்தனையோ இரண்டாம் பிரிவுக் கழகங்கள் இறுதிக்கு வந்து பார்த்தன. 1994இல் எசன், 1995இல் வொல்ஃப்ஸ்பூர்க், 2004இல் ஆகன், 2011இல் டுயிஸ்பூர்க், 2024இல் கைசர்ஸ்லவுட்டன். ஒருவராலும் முடியவில்லை. வொல்ஃப்ஸ்பூர்க்கை வென்றது அதே கிளாட்பாக்தான், அவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் இவ்வளவு காலத்தில் இன்னொருவருக்காவது வாய்த்திருக்காதா?

சரி, நீண்டுபோயிற்று. இனி அலுவல் கதை. அந்தப் பெடியன் வெறுங்கையோடா நிற்கிறான்? இங்கே பருவம் முடிகிற நேரம் நல்ல கையுறைகள் மலிவு விலைக்குப் போடுவார்கள். பெருவிரலை விட்டுவிட்டு அவனுடைய உள்ளங்கைச் சுற்றளவை நூல் வைத்து அளந்து சென்ரிமீற்றரில் எழுது, வலக்கையை அள. வளருகிற பிள்ளைதானே என்று கூட்டிச் சொல்லாதே, தொளதொளத்த கையுறை கோல் காப்பாளருக்கு உதவாது. ஆடி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிருந்து வருகிற ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிடலாம். அவர்களின் பெட்டியில் இடம் இருக்கும், காற்று இறக்கிய பந்தும் இரண்டு வைத்துவிடுகிறேன். இவள் தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மூத்தவளின் புது விலாசத்தையும் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி