வண்ணாரப்பேட்டை மெடிக்கல் கடை அண்ணனுக்கு ஒரு நன்றி

அண்ணே, உங்க பேரைப் போட்டா கோவிச்சுப்பீங்க. அதனால போடல.

ஐ.வி.எஃப்.னு சொல்ற சோதனைக் குழாய் குழந்தை சிகிச்சைக்குப் போடுற ஊசிங்க நிறைய 2 முதல் 8 டிகிரி குளிர்லயே இருக்கணும். தண்டையார்பேட்டையில எங்க வீட்ல கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரிதான். "மருந்து இங்கயே இருக்கட்டும்மா, தினம் வந்து வாங்கிக்க"ன்னு உங்க கடையில இடம் ஒதுக்குனீங்க. கருமுட்டை எடுக்குறதுக்குச் சுமார் 36 மணி நேரம் முன்னாடி போடுற ஊசி மட்டும் நேரம் தவறவே கூடாது. அதுக்காக ராத்திரி கடையடைச்ச பிறகும் எங்களுக்காக ஷட்டரைப் பாதி ஏத்தி வச்சுக் காத்திருந்தீங்க.

நகையெல்லாம் அடகுக்கடையில. கம்பெனி இன்சூரன்ஸ் இதுக்குச் சல்லிக்காசு தரல. பாக்கியை நோட்டுல எழுதுனதோட சரி, நீங்க கேக்கவே இல்ல. எழும்பூர் அரசு தாய் சேய் ஆஸ்பத்திரியிலயும் கருத்தரிப்பு மையம் வந்திருக்குன்னு சொன்னதும் நீங்கதான். மருந்து விக்கிறவர் சொல்ற பேச்சா அது!

எங்க அத்தை கடை வாசல்லயே "இவகிட்டதான் ஏதோ கோளாறு"ன்னாங்க. "குறை ஆம்பளைக்கும் இருக்கலாம்மா. விந்தணு டெஸ்ட்டுக்குச் செலவும் கம்மி, வலியும் இல்ல. ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் பாக்கணும்"னு பில் போட்டுக்கிட்டே சொன்னீங்க. அத்தை அப்புறம் வாயே திறக்கல. அதுக்கே உங்களுக்குத் தனியா ஒரு மாலை போடணும்.

இந்தத் தடவை கரு நிக்கல. "எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்லாத ஒரே ஆள் நீங்க. ஸ்டூலைப் போட்டு, டீ வாங்கிக் குடுத்தீங்க.

பாக்கியைப் பொங்கலுக்குள்ள குடுத்துடுறோம். வேணாம்னு சொல்லக் கூடாது.