அரைக்கிலோவைக் கொஞ்சம் இறக்கி வை ஆத்தா

ஆத்தா,

நேத்து நீ போன்ல சொன்னதையே நினைச்சுக்கிட்டு ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தேன். போன்லயே பேசிரலாம்னா உங்கம்மா பிடுங்கிக்கிறா, சாப்பிட்டியா தூங்குனியான்னு கேட்டே அரைமணி நேரம் போயிருது, அப்புறம் நீ கொட்டாவி விட ஆரம்பிச்சிர்ற. அதான் பட்டறையில உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காத.

வில்லு ஆடாம நிக்க முன்பக்கமா மாட்டுற உன் புது லாங் ராடு 30 இன்ச், அது முனையில வெயிட்டு 4 அவுன்ஸ், பின்பக்கமா விரியுற சைடு ராடு ரெண்டுலயும் ஆளுக்கு 6ன்னு சொன்ன. கூட தங்கியிருக்கற சீனியர் பொண்ணு அப்படித்தான் வச்சிருக்கு, அது சூப்பரா அடிக்குது, அதனால நீயும். சரி. மொத்தம் 16 அவுன்ஸ், அவுன்ஸுக்கு 28 கிராம் சொச்சம், ஆக 450 கிராம். வில்லு, ராடு, குறி பார்க்குற சைட்டு எல்லாத்தோட எடையும் போக இன்னும் அரைக்கிலோ தக்காளிப் பையை நீட்டுன கையில மாட்டிக்கிட்டு நிக்கிற. ஒரு தடவை இல்ல, 72 தடவை, பிராக்டிஸ்னா இன்னும் மேல. முதல் மூணு எண்டு, அதாவது மூணு சுத்து அம்பு, அருமையா போகுது, ஏழாவது எட்டாவது எண்டுல அம்பு கீழ விழுகுது, சைட்டை இறக்கி சரி பண்ணேன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு தூக்கமே போச்சு. கை தளர்ந்ததுக்கு சைட்டைத் திருகுனா மறுநாள் காலைல கை தெளிவா இருக்கும்போது அம்பு மேல போகும், திரும்பவும் திருகுவ.

முன்னாடி பாரமா இருக்கு, அதைச் சரிக்கட்டத்தான் சைடுல ஏத்துனேன்ங்கிற. அப்பா படிக்காதவன்தான், ஆனா கணக்கைப் பாரு. வில்லுக்கும் லாங் ராடுக்கும் நடுவுல வர்ற உன் எக்ஸ்டெண்டர் 4 இன்ச். அது சைடு ராடு ரெண்டையும் மாட்டுற வி-பாரையே 4 இன்ச் முன்னாடி தள்ளிருது. சைடு ராடு 10 இன்ச், 45 டிகிரில விரிஞ்சு போறதால பின்பக்கமா வர்றது என்னமோ 7 இன்ச்தான், அதுல 4 கழிச்சா ரைசருக்கு, அதான் வில்லோட நடுப்பிடிக்கு, பின்னாடி மிஞ்சுறது 3. ரெண்டு பக்கமும் சேத்து 12 அவுன்ஸ், பெருக்குனா 36. முன்னாடி 30ம் 4ம் சேந்து 34 இன்ச் தள்ளி 4 அவுன்ஸ் தொங்குது, அது 136. 36ஐ வச்சு 136ஐத் தூக்குறேன்ங்கிற, இன்னும் ஆறு வெயிட்டு வில்லையை மாட்டுனாலும் நடக்காது, தோளுதான் போகும். சைடு ராடு பெரும்பாலும் வில்லு இடம் வலமா உருளாம இருக்கத்தான். அப்புறம் முழுசா சமமாகணும்னும் இல்ல, அம்பை விட்டதும் வில்லு முன்னாடி சாஞ்சு கையில கட்டுன ஸ்லிங்கு கயித்துல தொங்கணும், அது நல்லதுதான். முன்னாடி ரொம்ப இழுக்குதுன்னா முன்னாடி இருக்கறதைக் கழட்டு, இல்ல எக்ஸ்டெண்டரைக் கழட்டிட்டு ஒருநாள் அடிச்சுப் பாரு.

எடையைவிட தூரம்தான் ஆத்தா வேலை செய்யும். சின்னப்புள்ளைல உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு குன்றக்குடி ரோட்டுல பழனி காவடி பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? கூட்டத்துல தள்ளுமுள்ளு வந்தா ஆளு திரும்புவான், காவடி மட்டும் சோம்பேறித்தனமா மெதுவா திரும்பும். பாரம் ரெண்டு முனையில இருக்கறதால. அதையே நடுவுல கட்டுனா பம்பரமா சுத்திரும். அதே ஒரு அவுன்ஸை 10 இன்ச்சுல வைக்கிறதுக்கும் 30 இன்ச்சுல வைக்கிறதுக்கும் கீழ இழுக்குற இழுப்பு மூணு மடங்குதான் கூடும், ஆடவிடாம பிடிக்கிற பிடி ஒன்பது மடங்கு. அதனால நீளமான ராடுல கொஞ்சமா வெயிட்டு, அதுதான் உன் உடம்புக்கு. அந்த சீனியர் பொண்ணு தோளும் உன் தோளும் ஒண்ணா, அது எத்தனை வருசமா அந்தப் பாரத்தைத் தூக்குதோ.

நீளம்னா கம்பி மாதிரி ஆடுறதையும் வாங்கிராத. லேத்துல ஓட்டையைக் கடையுற போரிங் பாரை அளவுக்கு மீறி வெளிய நீட்டுனா சாட்டர் அடிச்சு, அதான் அதிர்ந்து, ஜாப் பூரா வரி விழும், பார்த்திருக்க. ராடும் அப்படித்தான், விறைப்பா இருக்கணும், முனையில ரப்பர் டேம்பரும் இருந்தா விட்டப்புறம் வர்ற அதிர்வைக் குடிச்சுக்கும்.

எப்படிப் பார்க்கணும்னா, எல்லா வில்லையையும் கழட்டிட்டு முன்னாடி 2, சைடுல ஒவ்வொண்ணுன்னு ஆரம்பி. சைட்டு வளையம் இலக்கோட நடு மஞ்சள்ல சின்னச்சின்னதா படபடன்னு துடிச்சா முன்னாடி அரை அவுன்ஸ் கூட்டு. கீழ கீழ வழுக்கிக்கிட்டே போனா குறை. பெருசா, மெதுவா அலைஞ்சு, அலைஞ்ச இடத்துலேர்ந்து திரும்ப வரவே மாட்டேங்குதுன்னா மொத்தமே அதிகம். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், மாத்துனதை நோட்டுல எழுது. முதல் மூணு எண்டைப் பார்த்து முடிவு பண்ணாத, கடைசி மூணு எண்டுதான் கணக்கு. வில்லு சாயுதான்னு பார்க்க உன் ரீகர்வ் வில்லுல பபுள் லெவல் வைக்க விதியில இடமில்ல, ஆனா பிராக்டிஸ்ல உனக்கு முன்னாடி ஒரு கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடு, கண்ணை மூடி இழுத்து நாணைத் தாடைல ஆங்கர் வச்சு கண்ணைத் தொற, வில்லு நூலுக்கு நேரா நிக்குதா ஒருபக்கமா சாயுதான்னு உனக்கே தெரியும். பின்னாடியிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொன்னா இன்னும் நல்லது.

இந்தியன் ரவுண்டுல மூங்கில் வில்லோட நின்னப்ப உனக்கு ஒரு ராடும் கிடையாது, வெயிட்டும் கிடையாது. பொட்டல்ல கருவேல மரத்துக்கு முன்னாடி சாக்கைக் கட்டி அடிச்ச கைதான் இது. கையை நம்பு, ஆனா தோளு வலியை நம்பாத, முதல்ல பிசியோகிட்ட காட்டிட்டு அப்புறம் மத்ததெல்லாம்.

நான் அரை அவுன்ஸ் வில்லை எட்டு, ஒரு அவுன்ஸ் நாலு கடைஞ்சு வச்சிருக்கேன். 25 எம்எம் எஸ்எஸ் ராடுல நடுவுல 8 எம்எம் ஓட்டை, 8 எம்எம் தடிமன் வெட்டுனா தராசு 28 கிராம் காட்டுது, பாதி தடிமன்னா அரை அவுன்ஸ். ஓரத்தையெல்லாம் மழுக்கிட்டேன், கையைக் கிழிக்காது. கடையில விக்கிற விலைக்கு எனக்கு வயிறு எரியுது.

அந்தப் பழைய கதையை ஞாபகப்படுத்தாத, சொல்லிட்டேன். எம் 8 போல்ட்டும் அஞ்சு பதினாறு இன்ச் போல்ட்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், வெர்னியர்லயே 0.06 எம்எம்தான் வித்தியாசம், நான் என்ன கண்டேன் இன்ச்சுக்கு மரை 24ன்னு. எம் 8க்கு பிட்ச், அதான் மரைக்கு மரை தூரம், 1.25 எம்எம், உங்க ராடுக்கு 1.06, ரெண்டு சுத்து போனதும் இறுகுச்சு, ஸ்பேனரைப் போட்டு முறுக்குனேன், சைடு ராடு முனை போச்சு. நீ ரெண்டு நாள் என்கூடப் பேசல. இந்தத் தடவை 24 மரை வெட்டுற டேப்பும் டையும் மதுரையிலேர்ந்து வாங்கிட்டு வந்துதான் போல்ட்டு போட்டிருக்கேன். இருந்தாலும் உன் புது ராடு முனையை ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ அனுப்பு, பார்த்துட்டு பார்சல் போடுறேன்.

அப்பத்தா சீப்புச்சீடை சுட்டு டின்னுல போட்டு வச்சிருக்கு, அதுவும் அதே பெட்டியிலதான் வரும். வில்லையை அடியில வச்சிர்றேன், இல்லாட்டி சீடை பூரா தூளாயிரும்.

அப்பா