புகார்: கல்லூரி ஃபுட்பால் டிரம்ப் கார்டில் போ ஜாக்சனின் வேகம் பற்றிய தவறான தகவல்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஹண்ட்ஸ்வில், அலபாமா.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மூன்று கார்டுகளைத் திருத்தி அனுப்பக் கோருதல், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நட்சத்திரங்களை வைத்து நீங்கள் தமிழில் வெளியிட்டிருக்கும் டிரம்ப் கார்டு கட்டை ஆர்டர் செய்து வாங்கினேன். இங்கே வளரும் நம் பிள்ளைகள் இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் படிக்க எதுவுமே இல்லாத நிலையில், இப்படி ஒன்று வந்ததே என்று மகிழ்ந்துதான் வாங்கினேன். தெரிந்தவர்களுக்கும் சொன்னேன். அதனால்தான் இந்த விஷயத்தைச் சும்மா விட மனமில்லை.

ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய போ ஜாக்சனின் கார்டில் ‘வேகம்’ என்ற கட்டத்தில் நீங்கள் அச்சிட்டிருப்பது இது: ‘40 யார்டு – 4.12 வினாடி. மின்னணுக் கருவியில் பதிவான அதிகாரபூர்வ சாதனை. இண்டியானாபொலிஸ், 1986. இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.’

இதில் 40 யார்டு, அதாவது சுமார் 36.6 மீட்டர் ஓட்டத்துக்கான 4.12 என்ற எண் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான். சிலர் 4.13 என்பார்கள். ஆனால் அதைச் சுற்றி நீங்கள் சேர்த்திருக்கும் மற்ற எல்லாமே தவறு. இதை மின்னஞ்சலில் தெரிவித்தபோது, ‘பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தகவலையே பயன்படுத்தியுள்ளோம்’ என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டீர்கள். நான் சொன்ன எந்தக் காரணத்துக்கும் பதில் இல்லை. ஆகவே, இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். கல்லூரி முடித்த வீரர்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் சோதித்துப் பார்க்கும் முகாம் இண்டியானாபொலிஸுக்கு வந்தது 1987இல். 1986இல் அது நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. அதே 1986இல்தான் போ ஜாக்சனை டாம்பா பே அணி முதல் ஆளாகத் தேர்வு செய்தது. ஆக, 1986இல் இண்டியானாபொலிஸில் அவர் ஓடியிருக்க வழியே இல்லை. அந்த ஓட்டம் நியூ ஆர்லியன்ஸிலா, ஆபர்ன் பல்கலைக்கழகத்திலேயேவா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் யாருமே சொல்லாத ஊரை நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது ‘மின்னணு’. அந்த முகாமின் மின்னணு நேரங்கள் 1999லிருந்துதான் கணக்கில் வைக்கப்படுகின்றன. போ ஜாக்சனின் நேரம் கையால் எடுத்தது. கையால் எடுப்பது என்றால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது ஒருமுறை செய்து பார்த்திருந்தால் இந்த வரி அச்சுக்குப் போயிருக்காது. பயிற்சியாளர் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்சின் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்பார். 40 யார்டுக்கு அப்பால் குனிந்து நிற்கும் பையனின் கை தரையை விட்டு எழுவதை அவர் கண் பார்க்க வேண்டும், பிறகு விரல் அழுத்த வேண்டும். அதற்குள் பையன் கிளம்பிவிட்டிருப்பான். முடிவிலோ, ஆள் ஓடி வருவது நேராகத் தெரிவதால், விரல் சரியான நொடியில், சில சமயம் அதற்குச் சற்று முன்பேகூட, அழுத்திவிடும். தொடக்கத்தில் தொலைந்த நேரம் அப்படியே ஓடுபவருக்கு லாபம். தடகளத்தில் 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். அதே அளவை இங்கே கூட்டினால் 4.12 என்பது 4.36 ஆகிவிடும். இன்றைய முகாமில்கூட ஓட்டத்தின் தொடக்கத்தை ஒரு மனிதர்தான் அழுத்துகிறார். முடிவை மட்டுமே லேசர் பிடிக்கிறது. சேவியர் வொர்த்தி 2024இல் ஓடிய 4.21, ஜான் ராஸ் 2017இல் ஓடிய 4.22, கிறிஸ் ஜான்சன் 2008இல் ஓடிய 4.24 எல்லாம் அப்படி எடுத்தவை. முகாமின் சாதனை வரிசையில் இருப்பவை இந்த எண்கள்தான். அந்த வரிசையில் 4.12 கிடையாது. வரிசையிலேயே இல்லாத ஒன்றை ‘முறியடிக்கப்படவில்லை’ என்று எழுதினால் படிக்கும் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58இல் ஓடினார். அந்த ஓட்டத்தின் பத்துப் பத்து மீட்டர் நேரங்கள் வெளியாகியிருக்கின்றன. 30 மீட்டரை 3.78இலும் 40 மீட்டரை 4.64இலும் கடந்தார். 40 யார்டு என்பது 36.58 மீட்டர். இடையில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4.35 வருகிறது. துப்பாக்கி வெடித்ததிலிருந்து அவர் அசைய எடுத்துக்கொண்ட 0.146 வினாடியையும் கழித்துவிட்டால் 4.20. முள் காலணி, தடகளப் பாதை, காலை உந்தித் தள்ள பிளாக், முதுகுப் பக்கம் கொஞ்சம் காற்று. இத்தனையும் சேர்ந்து, உலகின் அதிவேக மனிதருக்கு 4.20. போ ஜாக்சன் ஆபர்னில் தடகளமும் ஓடியவர். அவருடைய சிறந்த 100 மீட்டர் நேரம் 10.39. உங்கள் கார்டை நம்பினால், அவர் முதல் 40 யார்டில் போல்ட்டை முந்திவிட்டு, மீதி 63 மீட்டருக்குள் 0.9 வினாடி அளவுக்குப் பின்தங்கினார் என்று நம்ப வேண்டும்.

இதைச் சொல்பவன் போ ஜாக்சனுக்கு எதிரானவன் இல்லை. நான் ஆபர்னில் படித்தவன். எங்கள் வீட்டுக் கூடத்தில் 34ஆம் எண் சட்டை மாட்டியிருக்கிறது. அவரைப் பற்றி யார் குறைத்துப் பேசினாலும் எனக்குத் தாங்காது. அப்படிப்பட்டவனுக்கே இந்தக் கார்டு சங்கடமாக இருக்கிறதென்றால், காரணம் சுலபம்: அவருக்குப் பொய் எண் தேவையே இல்லை. 102 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டரை 10.39இல் ஓடியதே போதாதா? சேவியர் வொர்த்தி முகாமில் நின்றபோது அவர் எடை 75 கிலோதான். 1987 நவம்பர் 30, சியாட்டிலின் கூரை போட்ட கிங்டோம் மைதானத்தில் நடந்த என்.எஃப்.எல். ஆட்டத்தில் போ ஓடிய 91 யார்டு ஓட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இடது ஓரமாகத் திரும்புகிறார், கோட்டை ஒட்டி நிமிர்கிறார், துரத்துகிறவர்களுக்கும் அவருக்கும் இருக்கும் இடைவெளி குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. எல்லையைத் தாண்டியும் நிற்காமல் மைதானத்தின் சுரங்கப்பாதைக்குள் ஓடி மறைகிறார். அன்றைக்கு மொத்தம் 221 யார்டு. அதே ஆட்டத்தில்தான் எதிரணித் தடுப்பாட்டக்காரர் பிரையன் பாஸ்வொர்த்தை மோதித் தள்ளிக்கொண்டு எல்லைக்குள் போனார். உங்கள் கார்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. யாரும் நிரூபிக்க முடியாத எண்ணுக்கு நான்கு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஜார்ஜியாவுக்காக ஆடிய ஹெர்ஷல் வாக்கர். எங்கள் வட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். வாக்கரா, ஜாக்சனா என்ற வாதம் எங்களுக்குள் வருடக்கணக்காக நடக்கிறது. அவர் பக்கத்தில் வலுவான நியாயம் உண்டு. வாக்கர் 100 கிலோ உடம்போடு 100 மீட்டரை 10.3 வினாடிக்குள் ஓடியவர். அதாவது தடகளப் பாதையில் ஜாக்சனைவிட வேகமானவர். மூன்றே பருவத்தில் 5,259 யார்டு ஓடி, 1982இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வாங்கினார். கல்லூரி நாட்களில் இருவரும் எதிரெதிராக ஆடியது ஒரே ஒரு முறை, அதே 1982இல், ஆபர்ன் மைதானத்தில். ஜார்ஜியா 19, ஆபர்ன் 14. எங்கள் தரப்பு சொல்வது: அப்போது போ முதலாமாண்டு மாணவர், சட்டென்று திசை மாற்றி உச்ச வேகத்தை எட்டுவதில் அவருக்கு இணை இல்லை, 1985இல் அவரும் ஹைஸ்மன் வாங்கினார். இரண்டு பக்கமும் பேச இடமுள்ள வாதம் இது. வேகம் என்பது கிளம்பும் வேகமா, உச்ச வேகமா, கவசமும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு ஓடும் வேகமா என்று இதில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள எவ்வளவோ உண்டு.

உங்கள் கார்டு அதை ஒரே அடியில் முடித்து வைக்கிறது. வாக்கர் கார்டில், எப்படி எடுத்தது என்ற குறிப்பே இல்லாமல், 4.3ஐ ஒட்டிய ஓர் எண். ஜாக்சன் கார்டில் ‘அதிகாரபூர்வ’ 4.12. சுற்று முடிந்தது. அண்ணன் கார்டைக் கீழே வைத்துவிட்டு, ‘தம்பி, இதை யார் எங்கே அளந்தது?’ என்று கேட்டார். எங்கள் ஆள் ஜெயித்த சுற்று அது. ஆனாலும் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளோ கார்டில் போட்டிருக்கிறதே, அதுதான் உண்மை என்று அடித்துச் சொல்கிறார்கள். அச்சில் வந்ததை அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் பொறுப்பு.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது பாப் ஹேய்ஸ் கார்டு. ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்காக ஆடியவர். 1963இல் 100 யார்டை 9.1 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் தங்கம். மின்னணு நேரம் 10.06. ஓடியது எரிகரித் தூள் பரப்பிய சிண்டர் பாதையில், அதிலும் நடைப்போட்டிக்காரர்கள் மிதித்துக் கிளறிவிட்டுப் போயிருந்த முதல் தடத்தில். தன் காலணிகளில் ஒன்று அறையிலேயே விட்டுப்போனதால் இரவல் காலணியோடு ஓடினார். தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகத் தடியை வாங்கி, பின்தங்கிக் கிடந்த அணியை முதலிடத்துக்கு இழுத்து வந்தார். பிறகு டாலஸ் அணியோடு என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் வென்றார். ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பௌல் மோதிரமும் சேர்த்து வைத்திருந்த ஒரே மனிதர் அவர்.

அவர் கார்டில் ‘வேகம்’ கட்டத்தில் நீங்கள் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறீர்கள். 40 யார்டு நேரம் கிடைக்கவில்லையாம். விதித் தாளில் ‘கோடு இருந்தால் அந்தச் சுற்றில் தோல்வி’ என்று எழுதியிருக்கிறது. ஆக, கட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் பாப் ஹேய்ஸ் வேகத்தில் தோற்கிறார். என் சின்ன மகள் அந்தக் கார்டு கையில் வந்தாலே முகம் சுளித்து, ‘இவர் மெதுவா ஓடுறவர்’ என்று அடியில் செருகிவிடுகிறாள். முறையாக அளந்த, உலகமே பார்த்த நேரத்தை வைத்திருக்கும் மனிதருக்கு இந்த நிலை.

ஆகவே என் கோரிக்கைகளை வைக்கிறேன். போ ஜாக்சன் கார்டில் ‘மின்னணு’, ‘அதிகாரபூர்வ’, ‘இண்டியானாபொலிஸ்’, ‘முறியடிக்கப்படவில்லை’ ஆகிய நான்கையும் எடுத்துவிடுங்கள். ‘40 யார்டு: 4.12 அல்லது 4.13 என்று சொல்லப்படுகிறது, கையால் எடுத்தது. 100 மீட்டர்: 10.39’ என்று போட்டால் சரியாக இருக்கும். எல்லா கார்டிலும் நேரம் கையால் எடுத்ததா, கருவியால் எடுத்ததா என்று ஓர் அடையாளம் வையுங்கள். தடகள நேரம் உள்ளவர்களுக்கு அதையும் தனிக் கட்டமாகச் சேருங்கள். வாக்கருக்கும் ஹேய்ஸுக்கும் அதுவே நியாயம். கோடு போட்ட கார்டு தானாகத் தோற்கும் என்ற விதியை நீக்குங்கள்; எண் இல்லாவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்த கட்டத்தைக் கேட்கலாம் என்று மாற்றினாலே போதும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்திய மூன்று கார்டுகளையும் விதித் தாளையும் உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். என் ஆர்டர் விவரமும் மூன்று கார்டுகளின் படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன். திருத்த இயலாது என்பது உங்கள் முடிவானால், கட்டின் விலையையும் அனுப்பும் செலவையும் திருப்பித் தாருங்கள். கட்டைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன். அடுத்த பதிப்பில் கூடைப்பந்து, தடகளம் எல்லாம் வரப்போவதாக உங்கள் பெட்டியில் பார்த்தேன். அவற்றை அச்சுக்கு அனுப்பும் முன், ஒவ்வொரு எண்ணும் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்று ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த விளையாட்டைத் தெரிந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு உதவுவார்கள். நானும் உதவுவேன்.

முந்தைய பதிலைப் போல ஒற்றை வரியில் முடிக்காமல், மேலே சொன்ன ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்